அஞ்சலையின் பெயரில் ஒரு மைதானம்

2021ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் கொழும்புக் குதிரைப்பந்தயத் திடலில் நான்கு நாடுகள் பங்குபற்றிய உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டியொன்று நடைபெற்றது. இறுதியாட்டத்தில் இலங்கை அணியைச் சீஷெல்ஸ் அணி எதிர்த்தது. ஆட்டம் சமநிலையில் முடியவே, தண்ட உதைகளினால் வெற்றி தீர்மானிக்கப்பட்டு, சீஷெல்ஸ் கிண்ணத்தைக் கொண்டு சென்றது. இரண்டு கோடிக்கு மேற்பட்ட மக்கள் வாழும் நாட்டை, ஏறத்தாழ ஓர் இலட்சம் மக்களே வாழும் தீவுக்கூட்டம் வென்றதைப் பலர் அவமானமாகக் கருதினர். நாம் அவ்வாறு கருதவில்லை. எமக்குக் கவலை தந்தது வேறொன்று. தோல்விக்கு வருந்திய நண்பர்களிடம், சீஷெல்ஸ் எங்கே இருக்கின்றது, அங்கு வாழ்வோர் யாவர், அவர்கள் எவருடன் ஆடிப் பழகியவர்கள் என வினவியபோது, விடை கூற வல்லாரை நாம் காணவில்லை. ஒரே சமுத்திரத்தின் நீரில் கால் நனைக்கும் மக்களைப்பற்றி நாம் அறிந்தது இவ்வளவே.

சீஷெல்ஸ் வீரர்கள் ஆடிப் பழகிய களங்களுள் முக்கியமானது இந்து சமுத்திரத் தீவுகளின் விளையாட்டு விழாவாகும். மொரீசியஸ், றியூனியன், மடகஸ்கார், சீஷெல்ஸ், கொமொரோஸ், மயோட், மாலைதீவு ஆகிய தீவுகள் அதில் கலந்துகொள்கின்றன. பலவகை விளையாட்டுக்கள் அங்கு இடம்பெறினும், மக்களின் நெஞ்சைக் கொள்ளைகொள்வது உதைபந்தாட்டக் கிண்ணமே. இக்கிண்ணத்தைப்பற்றிச் சில கருத்துக்களைக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இலக்கிய ஏடொன்றில் உதைபந்தாட்டத்துக்கு என்ன வேலை என்று வாசகர் சிலர் முகஞ் சுளிக்கக்கூடும். திறனாய்வு என்பது நாவலுக்கும் கவிதைக்குமே உரியது என எண்ணுவோர் எம்மிடையே இன்னும் இருக்கின்றனர். மேற்கிந்தியத் தீவுகளின் மார்க்சியச் சிந்தனையாளரான சி. எல். ஆர். ஜேம்ஸ் கிரிக்கெட் ஆட்டத்தைப் பொருளாகக் கொண்டு எழுதிய நூல் 1963இல் வெளிவந்தது. ஆடுகளத்தில் நிகழ்வதை விளங்கிக்கொள்ள அக்களத்துக்கு வெளியே உள்ள சமுதாயத்தை அறிதல் வேண்டும் என்பதை அந்நூல் ஐயத்துக்கிடமின்றிக் காட்டிற்று. ஆயிரக்கணக்கான உழைக்கும் மக்கள் தம் ஓய்வு நேரத்தையும் உணர்ச்சியையும் குரலையும் எதிற் செலவிடுகின்றனரோ, அது ஆராய்ச்சிக்கு உரியதே. மக்களைப்பற்றி எழுதுவோம் என்று சூளுரைத்துவிட்டு, அவர்கள் திரளும் இடத்துக்குப் போகாதிருப்பது எவ்வகையில் நியாயம்?

இக்கிண்ணத்தைப்பற்றி இருவகைக் கருத்துக்கள் நிலவுகின்றன. விழா மேடைகளிற் பேசும் அமைச்சர்கள், விளையாட்டு வேற்றுமைகளை மறக்கச் செய்து மக்களைச் சகோதரராக்குகின்றது என்பர். இடதுசாரி நண்பர் சிலரோ, விளையாட்டு மக்களுக்கு ஊட்டப்படும் அபின், அதனை ஒதுக்கிவிடுதலே தகும் என்பர். முன்னவர் களத்தை மட்டும் பார்க்கின்றனர். பின்னவர் களத்தைப் பார்ப்பதேயில்லை. இரு சாராருமே அங்கு கூடியிருக்கும் மக்களைக் காணவில்லை என்பது எமது எண்ணம்.

இக்கிண்ணத்தின் பூர்வோத்தரத்தைச் சிறிது நோக்குவோம். மடகஸ்கார், மொரீசியஸ், றியூனியன் ஆகிய மூன்று தீவுகளுக்கிடையே முக்கோண உதைபந்தாட்டப் போட்டி 1947இல் ஆரம்பமாயிற்று. அன்று அவற்றுள் எதுவும் சுதந்திர நாடன்று. மொரீசியஸ் பிரித்தானியரின் குடியேற்ற நாடு. மடகஸ்கார் பிரெஞ்சுக்காரரின் ஆட்சியில் இருந்தது. றியூனியனோ முந்திய ஆண்டில், அதாவது 1946இல், பிரான்சின் ஒரு மாவட்டமாக மாற்றப்பட்டிருந்தது. அதே 1947ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் மடகஸ்கார் மக்கள் பிரெஞ்சு ஆட்சிக்கெதிராகக் கிளர்ந்தெழுந்தனர். அக்கிளர்ச்சி ஈவிரக்கமின்றி நசுக்கப்பட்டது. மாண்டோர் தொகை பல்லாயிரம் என்பர். ஒருபுறம் கிராமங்கள் எரிய, மறுபுறம் தீவுகளின் நட்புறவுக்கெனப் பந்து உருண்டது. ஆடியவரைக் குறைகூறுவது எமது கருத்தன்று. நட்புறவு என்ற சொல்லை ஆள்வோர் எந்த வேளையில் அதனைப் பேசத் தொடங்கினர் என்பதைச் சுட்டுவதே எமது நோக்கம்.

முக்கோணப் போட்டி 1963 வரை நிகழ்ந்தது. பின்னர், பல்விளையாட்டு விழாவாக விரிந்து, 1979இல் றியூனியனில் முதன்முறையாக இன்றைய உருவில் நடந்தது. 1985இல் மொரீசியஸ், 1990இல் மடகஸ்கார், 1993இல் சீஷெல்ஸ் என விழா தீவுதோறும் சென்றது. உதைபந்தாட்டக் கிண்ணத்தைப் பலமுறை வென்ற பெருமை றியூனியனுக்கு உண்டு. 1979, 1998, 2007, 2015, 2019 ஆகிய ஆண்டுகளில் அது வெற்றியீட்டிற்று.

இங்கேதான் முதலாவது முரண்பாடு தலைகாட்டுகின்றது. தீவு நாடுகளின் கிண்ணத்தைப் பலமுறை வென்ற தீவு ஒரு நாடன்று! றியூனியன் இன்றும் பிரான்சின் மாவட்டமே. உலக உதைபந்தாட்டச் சம்மேளனத்தில் அதற்கு அங்கத்துவம் இல்லை. உலகக் கிண்ணத்துக்கான தகுதிகாண் ஆட்டங்களில் அது தன் பெயருடன் இறங்கமுடியாது. அத்தீவின் மிகச் சிறந்த கால்கள் கடல் கடந்து பிரான்சுக்குப் போய்விடுகின்றன. றியூனியனின் சென் பியேரிற் பிறந்த திமித்ரி பாயே, 2016ஆம் ஆண்டு ஐரோப்பியக் கிண்ணத்தின் ஆரம்ப ஆட்டத்தில் பிரான்சுக்காக அடித்த கோலை உலகம் கண்டு வியந்தது. கரும்பையும் சீனியையும் ஏற்றிச் சென்ற அதே பாதையில் இன்று ஆட்டக்காரரும் செல்கின்றனர்.

ஆயினும் இதனை எளிதாக ஏகாதிபத்தியச் சூழ்ச்சி என்று கூறி அப்பாற் போய்விட இயலாது. 1946இல் றியூனியனை மாவட்டமாக்கும்படி பிரெஞ்சுப் பாராளுமன்றத்தில் வாதாடியவர் யாவர்? றேமொன் வேர்ஜஸ், லெயோன் த லெப்பர்வான்ஷ் முதலிய இடதுசாரிப் பிரதிநிதிகளே. கரும்பு முதலாளிகளின் பிடியிலிருந்து தொழிலாளரை விடுவிக்கவும், பிரெஞ்சுத் தொழிலாளி பெற்ற சமூகக் காப்புரிமைகளை றியூனியன் தொழிலாளியும் பெறவும் அதுவே வழி என அவர்கள் நம்பினர். 1959இல் தோன்றிய றியூனியன் கம்யூனிஸ்ட் கட்சி சுயாட்சி கோர வேண்டியதாயிற்று. சமத்துவத்தை நாடிப் போன வழியில் சுதந்திரம் பின்தங்கிவிட்டது. வருந்தத்தக்க இவ்வரலாறு, நான்காண்டுக்கொருமுறை றியூனியன் அணி களத்தில் இறங்கும்போது அதனுடன் கூடவே இறங்குகின்றது. தம் பெயரைத் தாமே தாங்கி ஆடும் அந்தச் சில நாட்களில், பார்வையாளர் எழுப்பும் ஆரவாரத்தை வெறும் விளையாட்டு வெறி என்று யார் சொல்லமுடியும்?

இரண்டாவது முரண்பாடு 2015இல் வெளிப்பட்டது. அவ்வாண்டு றியூனியனில் நடந்த தொடக்கவிழாவில் மயோட் தீவின் வீரர் பிரெஞ்சுக் கொடியின்கீழ் அணிவகுத்தமையைக் கண்டித்து, கொமொரோஸ் தனது வீரர் அனைவரையும் விழாவிலிருந்து விலக்கிக்கொண்டது. கொடியொன்றுக்காக இத்துணைக் கோபமா என்று வெளியார் வியந்தனர். கொமொரோஸ் தீவுக்கூட்டம் நான்கு தீவுகளைக் கொண்டது. 1974இல் நடந்த வாக்கெடுப்பில் மூன்று தீவுகள் சுதந்திரத்தை விரும்பின. மயோட் விரும்பவில்லை. தீவுக்கூட்டம் ஒன்றாகவே கணிக்கப்படல் வேண்டும் என ஐக்கிய நாடுகள் பொதுச்சபை வற்புறுத்தியும், பிரான்சு மயோட்டைத் தன்னுடன் வைத்துக்கொண்டது. 2011இல் அது முழு மாவட்டமாக்கப்பட்டது. 1995 முதல், அண்டைத் தீவிலிருந்து மயோட்டுக்குப் போகும் கொமொரோஸ் மக்களுக்கு நுழைவு அனுமதி கட்டாயமாயிற்று. உறவினரைக் காணவும் வைத்தியம் பெறவும் பிழைப்புத் தேடவும் சிறு தோணிகளில் இரவோடிரவாகக் கடல் கடந்தோருள் ஆயிரக்கணக்கானோர் மூழ்கி மாண்டனர் என மதிப்பிடப்படுகின்றது. அந்தக் கடலின் அகலம் ஏறத்தாழ 70 கிலோமீற்றர். அக்கடலைத் தாண்டி மயோட் அணியுடன் பந்தாட வந்தவர்களிடம், கொடியை மறந்துவிட்டு விளையாடுங்கள் என்று கூறுவது அறிவுரையாகாது, அவமதிப்பேயாகும்.

இவ்விழாவுக்கு அழைக்கப்படாத தீவொன்றும் உண்டு. சாகோஸ் தீவுகளில் வாழ்ந்த மக்களை, தியேகோ கார்சியாவில் அமெரிக்க இராணுவத்தளம் அமைப்பதற்காக, 1968க்கும் 1973க்குமிடையில் பிரித்தானிய அரசு வெளியேற்றியது. அவர்கள் மொரீசியஸிலும் சீஷெல்ஸிலும் கொண்டுபோய் இறக்கப்பட்டனர். அத்தீவுகளைப் பிரித்தானியா தன் ஆட்சியில் வைத்திருத்தல் சட்டத்துக்கு மாறானது எனச் சர்வதேச நீதிமன்றம் 2019இல் கருத்துரைத்தது. மொரீசியஸுக்கு அவற்றைக் கையளிப்பதற்கான உடன்படிக்கை 2025 மே மாதத்தில் கைச்சாத்தாயிற்று. சாகோஸ் மக்களின் வழித்தோன்றல்கள் இங்கிலாந்தில் குடியேறிய இடத்தில் தமக்கென ஓர் உதைபந்தாட்ட அணியை அமைத்திருக்கின்றனர். ஊரும் இல்லை, மைதானமும் இல்லை; அணி மட்டும் உண்டு. தீவுகளின் சகோதரத்துவம்பற்றி மேடைகளிற் கேட்கும்போதெல்லாம் இவ்வணியை நாம் நினைவுகூர வேண்டும்.

இதுகாறும் தீவுக்கும் தீவுக்கும் இடையிலுள்ள பிரச்சினைகளைக் கண்டோம். தீவொன்றின் உள்ளே உள்ள பிரச்சினை இன்னும் ஆழமானது. அதற்கு மொரீசியஸை நாம் எடுத்துக்கொள்வோம். இலங்கைத் தமிழ் வாசகர் உற்றுக் கவனிக்க வேண்டிய பகுதி இதுவே.

1834ஆம் ஆண்டு தொடக்கம், அடிமை முறை ஒழிந்த கரும்புத் தோட்டங்களில் உழைப்பதற்கென இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகள் மொரீசியஸுக்குக் கொண்டுவரப்பட்டனர். ஏறக்குறைய ஐந்து இலட்சம் பேர் போட் லூயித் துறைமுகத்தின் கற்படிகளில் ஏறினர். அவர்களுள் தமிழர் பல்லாயிரவர். அவர்களுக்கு முன்னரே, ஆபிரிக்காவிலிருந்தும் மடகஸ்காரிலிருந்தும் அடிமைகளாகக் கொணரப்பட்டோரின் வழிவந்த கிரியோல் மக்கள் அங்கிருந்தனர். சீனரும் வந்து சேர்ந்தனர். எல்லோருக்கும் மேலாகப் பிரெஞ்சு வழிவந்த தோட்ட முதலாளிகள் வீற்றிருந்தனர்.

உதைபந்தாட்டக் கழகங்களும் இப்படிக்கட்டின்படியே அமைந்தன. வெள்ளை முதலாளிமாருக்குத் தோதோ கழகம். கலப்பின மத்தியதர வர்க்கத்துக்கு றேசிங் கழகம். கிரியோல் மக்களின் அன்பைப் பெற்றது தீயணைப்புப் படையின் பெயரைத் தாங்கிய கழகம். இவற்றோடு இந்து கடெற்ஸ், தமிழ் கடெற்ஸ், முஸ்லிம் ஸ்கவுட்ஸ் என்பன எழுந்தன. இவை யாவும் வகுப்புவாதிகள் வேண்டுமென்றே திட்டமிட்டு நிறுவியவை எனக் கூறுவது பொருந்தாது. முதலாளியின் கழகக் கதவு கறுத்த மேனிக்குத் திறவாதபோது, கதவுக்கு வெளியே நின்றவர்கள் தத்தம் கோயிலையும் பள்ளிவாசலையும் தெருவையும் ஒட்டிக் கழகம் கண்டனர். வறிய இளைஞனுக்கு அது காலணி கொடுத்தது, ஒழுங்கு கற்பித்தது, வெள்ளைக்காரனின் அணியை வெல்லும் பெருமிதத்தையும் கொடுத்தது. 1974இல் ஆபிரிக்க நாடுகளின் கிண்ண இறுதிச்சுற்றில் மொரீசியஸ் அணி கலந்துகொண்டது இக்கழகங்கள் வளர்த்த ஆட்டக்காரரைக் கொண்டேயாம். ஆனால், கதவுக்கு வெளியே நின்றவர்கள் தனித்தனி வரிசைகளில் நின்றார்கள் என்பதுதான் துயரம். முதலாளிக்கு எதிராகத் திரும்பவேண்டிய கோபம், காலப்போக்கில் அடுத்த வரிசையை நோக்கித் திரும்பிற்று.

எழுபதுகளில் வேறொரு பாதை தெரிந்தது. 1969இல் நிறுவப்பட்ட மொரீசியஸ் போராளி இயக்கம், இனங்களுக்கிடையிலான போராட்டத்தை விடுத்து வர்க்கப் போராட்டத்தை மேற்கொள்ளுமாறு அறைகூவியது. 1971இல் துறைமுகத் தொழிலாளரும் போக்குவரத்துத் தொழிலாளரும் வேலைநிறுத்தத்தில் இறங்கியபோது, கிரியோலும் இந்தியரும் தோளோடு தோள் நின்றனர். அரசு அவசரகாலச் சட்டத்தைப் பிரகடனம் செய்து தலைவர்களைச் சிறையிலிட்டது. 1982இல் அவ்வியக்கம் தன் கூட்டணியுடன் மொரீசியஸ் தீவின் 60 ஆசனங்களையும் ஒன்றுவிடாமற் கைப்பற்றிற்று. மறு ஆண்டிலேயே அவ்வாட்சி உடைந்தது. உடைவின் விளிம்புகள் மீண்டும் இனத்தின் விளிம்புகளாகவே அமைந்தன.

எண்பதுகளில் அரசு கழகங்களின் பெயரிலிருந்த இன மத அடையாளங்களை நீக்கப் பணித்தது. இந்து கடெற்ஸ் வெறும் கடெற்ஸ் ஆயிற்று. முஸ்லிம் ஸ்கவுட்ஸ் வெறும் ஸ்கவுட்ஸ் ஆயிற்று. பெயர்ப்பலகை மாறியது, பார்வையாளர் அமரும் படிக்கட்டுகள் மாறவில்லை. மாறுவதெங்ஙனம்? கழகங்களின் பெயரைத் திருத்திய அரசின் சொந்த அரசியலமைப்பு, மக்களை இந்துக்கள், முஸ்லிம்கள், சீனர், ஏனையோர் என நான்காக வகுத்து, தோற்ற வேட்பாளருள் எவ்வகுப்பினருக்கு மேலதிக ஆசனம் வழங்குவது எனக் கணக்கிடும் விதியைச் சுதந்திர காலந்தொட்டுக் கொண்டிருந்தது. பாராளுமன்றத்தில் வகுப்பின் பெயரால் ஆசனம் பெறலாம். மைதானத்தில் வகுப்பின் பெயரைக் கூறலாகாது! உழைக்கும் மக்களின் கழகத்துக்கு ஒரு நீதி, ஆளுவோரின் கழகத்துக்கு ஒரு நீதி.

தொண்ணூறுகளின் இறுதியில் நிலைமை முற்றிற்று. 1998இல் வெளியிடப்பட்ட புதிய நாணயத் தாள்களில், வழமையாக ஆங்கிலத்தை அடுத்து வந்த தமிழ் எழுத்து, இந்தி எழுத்துக்குப் பின்னே தள்ளப்பட்டது. தமிழ் மக்கள் கிளர்ச்சி செய்யவே தாள்கள் மீளப்பெறப்பட்டன. எம்மவர் பலர் இதனைத் தமிழின் வெற்றியாகக் கொண்டாடுவர். தாளில் எழுத்து எவ்வரிசையில் உள்ளது என்று ஒரு சமூகமே பதறும் நிலைக்கு ஒரு நாடு வந்துவிட்டதே என நாம் வருந்துகின்றோம். 1999 பெப்ரவரியில் காயா என்னும் கிரியோல் பாடகர் பொலிஸ் காவலில் இறந்தார். நாடெங்கும் பல நாட்கள் கலகம் மூண்டது. மூன்றே மாதத்தின் பின்னர், 1999 மே 23ஆம் நாள், தேசியச் சுற்றுப்போட்டியின் தீர்க்கமான ஆட்டத்தில் தீயணைப்புப் படைக் கழகமும் ஸ்கவுட்ஸ் கழகமும் சந்தித்தன. ஆட்டத்தின் பின் எழுந்த கலவரம் தலைநகரை அடைந்தது. லாமிக்கால் என்னும் சூதாட்ட விடுதிக்குத் தீ வைக்கப்பட்டது. குழந்தைகள் உட்பட எழுவர் வெந்து மாண்டனர்.

அவ்வாட்டம் நடந்த மைதானம் எது என்பதை வாசகர் அறிதல் வேண்டும். அது பெல் வியூ என்னும் இடத்திலுள்ள அஞ்சலை மைதானம்.

யார் இந்த அஞ்சலை? 1943 செப்ரெம்பர் மாதத்தில், பெல் வியூ ஹறெல் தோட்டத்தில் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்மீது பொலிஸார் துப்பாக்கிப் பிரயோகம் செய்தனர். அன்று வீழ்ந்தவர்களுள் ஒருத்தி அஞ்சலை குப்பன் என்னும் தமிழ்ப் பெண். அவள் கருவுற்றிருந்தாள். அவளோடு வேறு தொழிலாளரும் மாண்டனர். அதற்கு ஆறாண்டுகளுக்கு முன், 1937இலும் கரும்புத் தொழிலாளர் சுடப்பட்டிருந்தனர். இவ்விரத்தத்தின் பயனாகவே தொழிற்சங்க உரிமைகளும், பின்னர் பரந்த வாக்குரிமையும் அத்தீவுக்குக் கிடைத்தன என்று கூறின் மிகையன்று. சுதந்திர நாடு நன்றி மறவாமல் அவள் பெயரை ஒரு மைதானத்துக்குச் சூட்டிற்று.

தமிழச்சி ஒருத்தியின் பெயர் தூர தேசத்து மைதானத்தில் விளங்குவதாக நாம் இங்கிருந்து பெருமை பேசலாம். அது அஞ்சலையைச் சிறுமைப்படுத்துவதாகும். அவள் தமிழுக்காக மடியவில்லை; கூலிக்காக மடிந்தாள். அவளைச் சுட்ட துப்பாக்கி அவள் எந்தத் தெய்வத்தைக் கும்பிட்டாள் எனக் கேட்கவில்லை. வேலைக்குத் திரும்புகின்றாளா என்று மட்டுமே கேட்டது. அவள் பெயரைத் தாங்கிய மைதானத்தில், அரை நூற்றாண்டு கழித்து, துறைமுகத் தொழிலாளியின் மகனும் கடைச் சிப்பந்தியின் மகனும் ஒருவரையொருவர் பகைவராகக் கண்டனர் என்றால், இடைப்பட்ட காலத்தில் அவளுடைய பெயர் மட்டுமே நினைவில் வைக்கப்பட்டு, அவள் கேட்ட கேள்வி மறக்கப்பட்டது என்பதே பொருள். சிலைகளும் பெயர்ப்பலகைகளும் செய்யும் தீங்கு இதுவே. நினைவூட்டுவது போல நின்று, நினைவை மூடிவிடுகின்றன.

தீ அணைந்தபின் அரசு என் செய்தது? ஒரு வருடத்துக்கும் மேலாகக் கழக உதைபந்தாட்டத்தை நிறுத்திவைத்தது. பழைய கழகங்கள் கலைக்கப்பட்டன. போட் லூயி 2000, சவான், பாம்பில்மூஸ் எனப் பிரதேசங்களின் பெயரில் புதிய கழகங்கள் தோற்றுவிக்கப்பட்டன. 2003இல் தீவுகளின் விழா மொரீசியஸில் நடந்தபோது உதைபந்தாட்டக் கிண்ணத்தை அந்நாடே வென்றது. எல்லா இனத்தவரும் ஒரே அணிக்காகத் தெருவில் இறங்கி ஆடினர். காயம் ஆறிவிட்டது எனப் பலர் எழுதினர்.

அந்த மகிழ்ச்சி பொய்யானது என்று நாம் கூறமாட்டோம். நாலாண்டுக்கு முன்னர் தீயைக் கண்ட மக்கள் ஒரே கொடியின்கீழ் அழுது சிரித்தார்கள் என்பது சிறிய செய்தியன்று. படிக்கட்டுகளில் அன்று ஒலித்தது ஒரே மொழி, கிரியோல் மொழி. அடிமையும் கூலியும் சேர்ந்து பயிராக்கிய அம்மொழியில் தேவ் விராசாமி போன்ற எழுத்தாளர் நாடகங்கள் படைத்தனர். ஷேக்ஸ்பியரையும் அதில் பேசவைத்தனர். சீஷெல்ஸ் எண்பதுகளிலேயே அதனைப் பாடசாலைக்குள் கொணர்ந்தது. மொரீசியஸிலோ அது விருப்பப் பாடமாக வகுப்பறைக்குள் நுழைந்தது 2012இலேயாம். அரசு வகுப்பறையில் மறுத்துவந்த ஒருமைப்பாட்டை மக்கள் மைதானத்தில் நெடுங்காலமாகப் பேசிக்கொண்டிருந்தனர்.

ஆனால், விழா முடிந்தபின் என்ன நேர்ந்தது? புதிய பிரதேசக் கழகங்களின் ஆட்டங்களுக்குப் பார்வையாளர் வரவில்லை. மைதானங்கள் வெறிச்சோடின. வாரந்தோறும் கத்தி மகிழ்ந்த மக்கள், தொலைக்காட்சியின் முன்னமர்ந்து மன்செஸ்ரருக்கும் லிவர்பூலுக்கும் கட்சி கட்டினர். பழைய கழகத்தை இனம் கட்டிற்று. புதிய கழகத்தை எவரும் கட்டவில்லை, அரசாணை கட்டிற்று. வகுப்புவாதத்தை வேரோடு களைவதாகக் கூறிய ஆட்சியாளர், மக்கள் கூடும் இடத்தைக் களைந்தார்கள், வேரைத் தொடவில்லை. மக்கள் கூடாத இடத்தில் கலவரம் நிகழாது என்பது உண்மையே. அங்கு ஒற்றுமையும் நிகழாது. ஐரோப்பியக் கழகங்களின் முதலாளிகளுக்கு இரசிகரைச் சேர்த்துக் கொடுத்ததே அச்சீர்திருத்தம் கண்ட பலன்.

ஆகவே, நான்காண்டுக்கொருமுறை பத்து நாட்கள் தோன்றும் ஒருமைப்பாடு, ஏனைய நாட்களின் பிரிவினையை மறைக்கும் திரையாகவும் பயன்படுகின்றது. அதேவேளை, இம்மக்கள் ஒன்றுபடக்கூடியவர்கள் என்பதற்குச் சான்றாகவும் இருக்கின்றது. திரை என்று மட்டும் பார்ப்பவர் மக்களை இகழ்கின்றார். சான்று என்று மட்டும் பார்ப்பவர் ஆட்சியாளரை நம்பிவிடுகின்றார். 1971ஆம் ஆண்டுத் துறைமுக வேலைநிறுத்தத்தில் தெரிந்த ஒற்றுமையும் 2003இல் தெருவிற் கண்ட ஒற்றுமையும் ஒரே மக்களுடையவையே. முன்னையதை அரசு சிறையிலிட்டது. பின்னையதற்கு மாலை சூட்டியது. இவ்வேறுபாட்டை விளங்கிக்கொண்டால் இக்கிண்ணத்தைப்பற்றி விளங்கவேண்டியது பெரிதும் விளங்கிவிடும்.

இனி, எம்மை நோக்குவோம். மொரீசியஸின் இன்னல்களைத் தூரத்திலிருந்து ஆராயும் உரிமை எமக்குண்டா என்று எவரேனும் கேட்டால் நாணித் தலைகுனிய வேண்டியவர்களே நாம். அங்கு கரும்புத் தோட்டத்துக்கு வந்த கூலியின் வழித்தோன்றல்கள் வாக்குரிமை பெற்று நாட்டை ஆளும் நிலைக்கு உயர்ந்தனர். இங்கு தேயிலைத் தோட்டத்துக்கு வந்தவரின் வழித்தோன்றல்களிடமிருந்து 1948ஆம் ஆண்டுச் சட்டம் பிரஜாவுரிமையைப் பறித்தது. கழகங்களின் பெயர்களும் எமக்குப் புதியனவல்ல. சிங்கள விளையாட்டுக் கழகமும் தமிழ் யூனியன் கழகமும் 1899இல் கொழும்பிலே தோன்றின. சோனகருக்கும் பறங்கியருக்கும் தனித்தனிக் கழகங்கள் இருந்தன. அக்கழகங்கள் அப்பெயர்களுடனேயே இன்றும் நிலவுகின்றன. காலப்போக்கில் ஆட்டக்காரர் கலந்துவிட்டனர் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால், பெயர் மாற்றாத நாட்டில் ஆட்டக்காரர் கலந்ததும், பெயர் மாற்றிய நாட்டில் தீ மூண்டதும் நமக்கு ஒன்றைக் கற்பிக்கின்றன. வகுப்புவாதத்தின் இருப்பிடம் பெயர்ப்பலகையிலன்று. நிலம், தொழில், மொழி, ஆசனம் என்பன எவ்வாறு பங்கிடப்படுகின்றன என்பதிலேயே அது குடியிருக்கின்றது. கழகங்கள் கலந்த பின்னரும் எம் நாடு எரிந்தது என்பதை யாரே மறப்பர்?

இவ்வேட்டை வாசிப்போருள் பலர் ஆசிரியர், பலர் மாணவர். மாலை வேளையில் பாடசாலை மைதானத்தில் பந்துக்குப் பின்னே ஓடும் பிள்ளைகளை நாள்தோறும் காண்பவர்கள். அம்மைதானம் எத்தெருவுப் பிள்ளைகளுக்குத் திறந்திருக்கின்றது, எத்தெருவுப் பிள்ளைகள் வேலிக்கு வெளியே நிற்கின்றனர், அணியிற் சேர்வதற்கு வேண்டிய காலணியை வாங்க முடியாமல் எவன் ஒதுங்கினான் என்பதையெல்லாம் எந்த விளையாட்டு அமைச்சரையும்விட அவர்கள் நன்கறிவர். இனத்தால் மட்டுமா, சாதியால் வேலி கட்டிய மைதானங்களும் எம் கிராமங்களில் இருந்தன என்பதை எழுத யாம் தயங்கலாகாது. இவற்றை எழுதுவோர் வேண்டும். உதைபந்தாட்டக் கழகமொன்றின் வரலாற்றை, அதன் காசுப் புத்தகத்தையும் அங்கத்தவர் பட்டியலையும் வைத்துக்கொண்டு, நேர்மையாக எழுதினால், அது எம் காலத்துச் சமுதாய வரலாற்றின் ஓர் அத்தியாயமாகும். எம் நாவலாசிரியர் எவரேனும் அதனைக் கருவாகக் கொள்வாராயின் மிக நன்று.

தீவுகளின் கிண்ணத்துக்காக இனியும் அணிகள் மோதும். றியூனியன் தன் பெயரில் ஆடும். கொமொரோஸ் வீரர் மயோட்டின் கொடியை உற்றுப் பார்ப்பர். சாகோஸ் மக்களின் அணி தூரத்தில் நிற்கும். வென்ற தீவில் மக்கள் இரவு முழுதும் ஆடுவர். நாம் அவர்களுடன் சேர்ந்து மகிழ்வோம். ஆனால், விடிந்தபின் அந்த மக்கள் எந்தத் தோட்டத்துக்கு, எந்தத் துறைமுகத்துக்கு, எந்தக் கூலிக்கு வேலைக்குப் போகின்றார்கள் என்றும் கேட்போம். 1943இல் அஞ்சலை கேட்டது அதைத்தான்.